உருண்டையா, உருளைக்கிழங்கா? ஒரு கோளின் உருவத்தைக் கணக்குப் போட்டுக் கண்ணாலும் பார்ப்பது எப்படி

டெலஸ்கோப் அப்புறம். முதலில் வீட்டில் களி கிண்டும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

எங்கள் ஊர் வாணியம்பாடியிலிருந்து குப்பம் போகும் சாலையில், ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. இங்கே கேவுருக்களி, நாலு கிலோமீட்டர் தாண்டினால் அதே சாமானுக்கு ராகி சங்கட்டி என்று பேர். பேர் எதுவானாலும் சோதனை ஒன்றுதான். அம்மா களி கிண்டி இறக்கியதும் இரண்டு உருண்டை கேளுங்கள்: கெட்டியாகக் கிண்டியதில் ஒன்று, அதிலேயே கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்தியதில் ஒன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள், சாப்பிட்டுவிடாதீர்கள். கெட்டிக்களி வைத்த மாதிரியே உட்கார்ந்திருக்கும். தளர்ந்தது மெல்ல வழிந்து, அகன்று, கடைசியில் தோசை மாவு மாதிரி மட்டமாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஈர்ப்பு இரண்டையும் ஒரே மாதிரிதான் இழுத்தது. கெட்டிக்களிக்குத் தன் எடையைத் தாங்கத் தெம்பு இருந்தது, தளர்ந்ததற்கு இல்லை. உயரமாக இருந்தது விழுந்தது, பள்ளமாக இருந்தது நிரம்பியது, இனி விழ இடமில்லை என்றானதும் நின்றுவிட்டது. வானத்தில் இருக்கும் எல்லாப் பொருளின் உருவமும் இந்த வழக்குதான்: எடை ஒரு கட்சி, பொருளின் கெட்டித்தன்மை எதிர்க்கட்சி.

சரி, தட்டில் மட்டமாகிற சாமான் வானத்தில் ஏன் உருண்டையாகிறது? பிள்ளைகள் சரியாக இந்த இடத்தில்தான் கேட்பார்கள். தட்டு சின்னது, அதில் எந்த மூலையில் பார்த்தாலும் ‘கீழே’ என்பது ஒரே திசை. பூமி அளவுக்குப் போனால் ‘கீழே’ என்பது நடுமையத்தை நோக்கிய திசை, ஆளுக்கு ஆள் மாறும், நமக்கு ஒரு பக்கம் என்றால் பெரு நாட்டுக்காரனுக்கு ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். எல்லாப் பக்கத்திலிருந்தும் மையத்தை நோக்கி வழிந்து மட்டமானால் கிடைப்பது உருண்டை. கடல் மட்டம் என்கிறோம், அந்த மட்டமே உருண்டைதானே.

இதைச் சொன்னதும் அடுத்த தப்பு உடனே வரும், நானும் செய்திருக்கிறேன்: கண்ணில் படும் உருண்டைக்கெல்லாம் ஈர்ப்பைக் காரணம் சொல்வது. சேப்பங்கிழங்கு இலையில் ஓடும் தண்ணீர் முத்து உருண்டையாக இருப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசையால். விண்வெளி நிலையத்தில் மிதக்கும் தண்ணீர்ப் பந்து வீடியோ எல்லோர் போனிலும் வரும், அதுவும் அப்படித்தான், அந்தப் பந்தின் சொந்த ஈர்ப்பு ஒரு கொசுவைக்கூட இழுக்காது. எங்கள் பக்கத்துக் குன்றுகளில் யாரோ அடுக்கி வைத்த மாதிரி உருண்டை உருண்டையாகப் பாறைகள் நிற்கும், குப்பம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பார்க்கலாம். அவை வெயிலும் மழையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மூலைகளைத் தின்றதால் உருண்டவை. மூலைக்கு மூன்று பக்கமும் அடி விழும், முகத்துக்கு ஒரு பக்கம்தான், அதனால் மூலை முதலில் கரையும். ஆக ஒரு உருண்டையைப் பார்த்தால் முதல் கேள்வி, இதை உருட்டியது யார் என்பதுதான்.

இன்னொன்று: போர்வையை இழுத்துப் பிடித்து நடுவில் கல்லைப் போட்டு கோலி உருட்டிக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. அழகான சோதனை, ஆனால் அது ஈர்ப்பில் பொருள்கள் போகும் பாதையைப் பற்றியது. உருவத்துக்கு அதைக் காட்டினால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள், விட்டுவிடுங்கள்.

இனிக் கணக்கு. போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். எங்கள் பக்கம் கருங்கல் குவாரிகள் அதிகம் என்பதால் கருங்கல்லையே எடுத்துக்கொள்கிறேன். நல்ல கருங்கல் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2000 கிலோ எடை வரை தாங்கும், அதற்கு மேல் நொறுங்கும். கல்லுக்குக் கல் இது மாறும், நமக்குத் தோராயம் போதும். இப்போது ஒரு சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்பில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கருங்கல் தூண் ஒன்று மனதில் நிறுத்துங்கள். 1,00,000 கன சென்டிமீட்டர், கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மொத்தம் 270 கிலோ. 2000-ஐ 270-ஆல் வகுத்தால் 7.4. அதாவது பூமியில் ஏழரை கிலோமீட்டருக்கு மேல் அந்தத் தூணை உயர்த்தினால் அடிக்கல் தன் தலைமேல் இருப்பதைத் தாங்காமல் நொறுங்கும். எவரெஸ்ட் 8849 மீட்டர். மலை என்பது தூண் இல்லை, அடி அகன்றது, கீழே வேர் மாதிரி பாறை இறங்கியிருக்கிறது, கல்லும் வேறு வேறு, இதெல்லாம் சேர்த்தும் விடை இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது. முதல் முறை இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்து செவ்வாய்க்குப் போங்கள். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 0.38 பங்கு. 7.4-ஐ 0.38-ஆல் வகுத்தால் பத்தொன்பதரை கிலோமீட்டர். அங்கே இருக்கும் ஒலிம்பஸ் மான்ஸ் என்ற எரிமலை சுமார் 22 கிலோமீட்டர் உயரம். சந்திரனுக்கு இதே கணக்கில் 45 கிலோமீட்டர் வரும், ஆனால் அங்கே அவ்வளவு பெரிய மலை எதுவும் கிடையாது. ஏனென்றால் இந்தக் கணக்கு சொல்வது அதிகபட்ச அனுமதி மட்டும்தான். அனுமதி இருக்கிறது என்பதற்காக எல்லோரும் மாடி கட்டிவிடுகிறார்களா என்ன, கட்ட ஆள் வேண்டும், எரிமலையோ கண்டத்தட்டு மோதலோ இருக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு கல்லுருண்டையின் ஆரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதன் தரையில் ஈர்ப்பு பூமியைப் போல எத்தனை பங்கு என்று பார்க்க, ஆரத்தை 6371-ஆல் வகுத்து, பிறகு 0.49-ஆல் பெருக்குங்கள். (6371 கிலோமீட்டர் பூமியின் சராசரி ஆரம், 0.49 என்பது கருங்கல்லின் அடர்த்தி 2.7-ஐ பூமியின் சராசரி அடர்த்தி 5.5-ஆல் வகுத்தது.) ஆரம் 1000 கிலோமீட்டர் என்றால் ஈர்ப்பு 0.077 பங்கு, மலை 96 கிலோமீட்டர் வரை நிற்கலாம், ஆயிரத்தில் 96 என்பது ஆப்பிள் மேல் பரு மாதிரி, மொத்தத்தில் உருண்டைதான். ஆரம் 100 என்றால் மலை 960 கிலோமீட்டர் வரை நிற்கலாம் என்று வரும். உடம்பே நூறு, மலை தொள்ளாயிரத்து அறுபதா? அதாவது ஈர்ப்பால் அங்கே எதையும் சாய்க்க முடியாது, கல் எப்படி உடைந்து வந்ததோ அப்படியே உருளைக்கிழங்காக அலையும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஆரமும் மலையும் சமமாகும் இடம் இருக்கிறது, போட்டுப் போட்டுத் தேடுங்கள், நான் விடையைச் சொல்லிவிட்டால் ருசி போய்விடும் என்றாலும் சொல்கிறேன்: ஆரம் 300 சொச்சம், விட்டம் என்றால் அறுநூறு சொச்சம்.

வானத்தில் ஆள் பிடித்துச் சரிபார்க்கலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் சீரிஸ், 1801-இல் இத்தாலிய வானியலாளர் பியாட்சி கண்டுபிடித்தது, விட்டம் சுமார் 940 கிலோமீட்டர், நல்ல உருண்டை. அதே பகுதியில் வெஸ்டா, சுமார் 525 கிலோமீட்டர், கொஞ்சம் நசுங்கிய உருண்டை. டான் விண்கலம் 2011-இல் வெஸ்டாவுக்கும் 2015-இல் சீரிஸுக்கும் போய் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெஸ்டா ஒரு காலத்தில் உள்ளே உருகி உருண்டையாகத்தான் இருந்தது, அப்புறம் ஆறிக் கெட்டியாகிவிட்டது, அதன் பிறகு தெற்கு முனையில் விழுந்த அடி சுமார் 500 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் போட்டது. சூடாக இருந்தபோது விழுந்திருந்தால் களி மாதிரி மூடியிருக்கும். செவ்வாயின் நிலா போபோஸ் நீளவாக்கில் 27 கிலோமீட்டர்தான், உருளைக்கிழங்கு என்றால் அச்சு அசல் அதுதான்.

பனிக்கட்டிக்குக் கல் அளவு தெம்பு கிடையாது, அதனால் அது சின்ன அளவிலேயே உருண்டுவிடும். சனியின் நிலா மைமாஸ் 396 கிலோமீட்டரிலேயே உருண்டை. உடனே சூத்திரம் கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம், நெப்டியூனின் நிலா புரோட்டியஸ் மைமாஸைவிடக் கொஞ்சம் பெரியது, அது கோணல்மாணல். பிறந்த கதையும் பட்ட அடியும் ஆளுக்கு ஆள் வேறு.

ரொம்பச் சின்னவற்றில் இன்னொரு வகை இருக்கிறது, கல் குவியல்கள். ஒரே பாறையாக இல்லாமல், உடைந்த ஜல்லியும் மணலும் தங்கள் சொந்த ஈர்ப்பில் லேசாகச் சேர்ந்து கிடப்பவை. இதைப் புரிந்துகொள்ள வீடு கட்டும் இடத்தில் கொட்டியிருக்கும் எம்-சாண்ட் குவியலுக்குப் போங்கள். மேலே ஒரு கைப்பிடி போட்டால் சரிந்து பக்கவாட்டில் ஓடும், குவியலின் சரிவு முப்பது, முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு கொட்டினாலும் குவியல் பெரிதாகுமே தவிரச் செங்குத்தாகாது. 500 மீட்டர்கூட இல்லாத பென்னு என்ற சிறுகோள் இப்படிப்பட்ட குவியல், அது 4.3 மணி நேரத்துக்கு ஒரு முறை சுழல்வதால் சரக்கு நடுக்கோட்டை நோக்கி ஒதுங்கி, பம்பரம் மாதிரி இடுப்பில் விளிம்பு கட்டியிருக்கிறது. ஜப்பான்காரர்கள் போய் மண் எடுத்து வந்த ரியுகுவும் அதே பம்பரம்தான்.

சுழற்சி என்று வந்துவிட்டோம், மூன்றாவது கட்சி அதுதான். பூமி சுழல்வதால் நடுக்கோட்டுப் பக்கம் ஆரம் 6378 கிலோமீட்டர், துருவத்தில் 6357. இருபத்தொரு கிலோமீட்டர் வித்தியாசம். நியூட்டன் இதை 1687-லேயே கணக்கில் சொல்லிவிட்டார், அளந்து பார்க்கத்தான் பல காலம் பிடித்தது. ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய நில அளவைக்கு, வரைபடம் மட்டும் நோக்கமில்லை, பூமியின் உருவத்தைத் துல்லியமாகப் பிடிப்பதும் ஒரு நோக்கம். அந்த வேலையில்தான் 1808-இல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றப் போய், கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் இடித்துக்கொண்டது. நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டம், வழுவழுப்பான கணக்குப் பூமியைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது, உள்ளே இருக்கும் சரக்கு அங்கே கொஞ்சம் லேசு என்பதால். கப்பலில் போகிறவனுக்கு இறக்கம் தெரியாது, தண்ணீரின் முகம் எப்போதும் ஈர்ப்புக்குச் செங்குத்தாகத்தான் நிற்கும்.

இதெல்லாம் ஏட்டில். கண்ணால் பார்க்க வேண்டுமானால் வியாழன்தான். பூமியில் முந்நூற்றில் ஒரு பங்கு நசுங்கல், கண்ணுக்குத் தெரியாது. வியாழனோ அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது, நடுவில் விட்டம் 1,42,984 கிலோமீட்டர், துருவத்தில் 1,33,708. பதினைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் நசுங்கல். நாலரை அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப்பில், நூறு மடங்கு பெருக்கத்தில், சொல்லாமலே தெரியும்.

செய்யும் முறை இது. வியாழன் தலைக்கு மேலே நன்றாக ஏறும் வரை காத்திருங்கள். இது முக்கியம், இதில்தான் நான் மானம் கெட்டேன். சனிக்கிழமை ராத்திரிகளில் எங்கள் மாடிக்கு எல்லைக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரு பௌர்ணமியன்று, மலைக்குப் பின்னால் அப்போதுதான் எழும்பிய நிலாவைப் பார்த்துவிட்டு ஒரு தெலுங்குப் பையன், “மாமா, இது குண்ட்ரங்கா லேது” என்றான். உருண்டையாக இல்லையாம். நானும் பெரிய மேதை மாதிரி, சுழல்வதால் நசுங்கியிருக்கிறது என்று விளக்கிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அவனே மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு, “இப்போ குண்ட்ரம் ஆயிடுச்சே, சுத்துறது நின்னுடுச்சா?” என்றான். பதில் இல்லை. அடிவானத்துக்குப் பக்கத்தில் காற்றுப் படலம் ஒளியை வளைத்து நிலாவின் அடிப்பக்கத்தை அதிகமாகத் தூக்கிக் காட்டுவதால் வரும் நசுங்கல் அது. நிலா ஒரு சுற்றுக்கு 27 நாள் எடுத்துக்கொள்கிறது, அந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு எங்கே நசுங்கப் போகிறது.

மாடியின் சிமென்ட் தரை பகல் சூட்டை வெளியே விட்டு ஆற ராத்திரி பத்து மணி ஆகும், அதுவரை பிம்பம் கானல் மாதிரி நெளியும், டெலஸ்கோப்பையும் முன்னாலேயே வெளியில் வைத்து ஆறவிடுங்கள். போனைக் கண்வில்லையில் பொருத்தி, திரையில் வியாழனைத் தொட்டு, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். வெளிச்சம் அதிகமானால் வட்டம் எல்லாப் பக்கமும் ஊதிப்போய் நசுங்கல் மறைந்துவிடும். வியாழனின் மேகப் பட்டைகள் மங்கலாகவாவது தெரிய வேண்டும், ஏனென்றால் பட்டை ஓடும் திசைதான் நடுக்கோட்டின் திசை. போட்டோ வேண்டாம், ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தெளிவாக விழுந்த பத்துக் காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, திரையில் பட்டைவாக்கில் 6 சென்டிமீட்டர் வரும்படி பெரிதாக்கி, ஸ்கேலை வைத்து குறுக்கே அளங்கள். 5.6 வர வேண்டும். ஒரு தடவை 5.7 வரும், ஒரு தடவை 5.4 வரும், பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பக்கத்தில் வந்து நிற்கும். பிம்பம் சாய்ந்திருந்தால் போனைத் திருப்பி வைத்து அளங்கள், கண்மதிப்பில் அளக்காதீர்கள்.

டெலஸ்கோப் இல்லாதவர்கள் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் இருக்கிறது, வைணு பாப்பு வானாய்வகம், 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். பொதுமக்களை என்றைக்கு விடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள், மேகம் கட்டினால் மலை சுற்றிப் பார்த்ததாக இருக்கட்டும்.

சூரியனை அளக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், கண் போய்விடும், அதோடு பயனும் இல்லை: 14 லட்சம் கிலோமீட்டர் விட்டத்தில் வித்தியாசம் பத்து கிலோமீட்டர் அளவுதான், மெதுவாகச் சுழல்கிற வாயு உருண்டை அது. நியூட்ரான் விண்மீன்கள் எதிர்க்கோடி, இருபது சொச்சம் கிலோமீட்டர் உடம்புக்குள் சூரியனைவிட அதிக எடை, அங்கே மலை என்று ஒன்று இருந்தால் அது ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது.

வியாழன் கைவந்ததும் சனிக்குப் போங்கள். கோள்களில் அதிகம் நசுங்கியது அதுதான், நடுவில் 1,20,536, துருவத்தில் 1,08,728 கிலோமீட்டர், திரையில் 5 சென்டிமீட்டர் வைத்தால் குறுக்கே நாலரை. ஆனால் வளையம் கண்ணை ஏமாற்றும். வளையத்தின் துணுக்குகள் ஒன்றோடொன்று இடித்து இடித்து மேலும் கீழும் போகிற ஆட்டத்தை இழந்துவிட்டதால், அத்தனையும் நடுக்கோட்டுத் தளத்தில் படிந்து, பல இடங்களில் பத்து மீட்டர் அளவுத் தடிமன்கூட இல்லாத தட்டாகிவிட்டன. உருண்டையாகச் சேரவும் முடியாது, சனிக்கு அவ்வளவு பக்கத்தில் அதன் இழுவை சேரவிடாமல் பிய்த்துவிடும். 2025 மார்ச்சில் அந்தத் தட்டு நமக்கு விளிம்பைக் காட்டி ஏறக்குறைய மறைந்தே போனது, இப்போது மறுபடி திறந்துகொண்டு வருகிறது.

அளக்கும்போது உடம்பின் ஓரம் எது, வளையம் எங்கே தொடங்குகிறது என்று முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் குண்ட்ரம் பையன் போன தடவை தன் நோட்டில் சனிக்கு 11.3 சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தான். ஐந்து வர வேண்டிய இடத்தில் பதினொன்றா என்று சிரித்துவிட்டேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தால், வளையத்தின் வெளி விட்டம் 2,73,000 கிலோமீட்டர் சொச்சம், உடம்பு 5 சென்டிமீட்டர் என்றால் வளையம் சரியாக 11.3 தான் வரும்.